டீச்சர் ஏன் சும்மா நிற்கிறார்?

ஆங்கில ஆசிரியை வெளிநாட்டில் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து, ஐந்தாம் வகுப்பு வாயடைத்துப் போயிருந்தது.

முன்பெல்லாம் அவர் கேள்வி கேட்ட கையோடு பதிலையும் தாமே சொல்லிவிடுவார். மாணவர்கள் அதைக் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். இப்போதோ கேள்வியைக் கேட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டனர்.

"டீச்சருக்கு நம்ம மேல ஏதோ கோவம்டி," என்றாள் பக்கத்து இருக்கைத் தோழி.

"எதுக்குக் கோவம்?" என்றாள் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வகுப்பு அவளுக்குச் சூட்டிய பெயர் அது.

"எனக்கென்ன தெரியும்? நீதானே துருவி. போய்க் கேளு."

மணி அடித்ததும் துருவி ஆசிரியையின் மேசைக்கே சென்றாள்.

"டீச்சர், ஏன் கேள்வி கேட்டுட்டுச் சும்மா நிக்கிறீங்க? எங்க மேல கோவமா?"

"கோவமா?" ஆசிரியை வியந்தார். "படிக்கப் போன இடத்துல நானும் மாணவிதானே. கேள்வி கேட்டா எனக்குச் சட்டுனு பேச வராது. எங்க பேராசிரியர் அவசரப்படுத்தாம காத்திருப்பார். நானும் மெதுவா யோசிச்சுப் பேசிடுவேன். உங்களுக்கு நான் அந்த நேரத்தைக் கொடுத்ததே இல்லையேன்னு அப்பதான் உறைச்சுது."

"அப்போ நீங்க காத்துக்கிட்டா இருக்கீங்க? அதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லலையோ?" ஆசிரியை சிரித்தார். பிறகு அவர் முகம் வாடியது. "நாளைக்குத் தலைமையாசிரியை நம்ம வகுப்பைப் பார்க்க வர்றாங்க. நீங்க இப்படியே உட்கார்ந்திருந்தா, பழையபடியே நடத்தச் சொல்லிடுவாங்க."

விளையாட்டு நேரம் முடிவதற்குள் துருவி விஷயத்தை வகுப்பு முழுவதும் பரப்பிவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார்.

"மழை பெய்யும்போது பூனைகள் எங்கே போகும்?" என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு காத்திருந்தார்.

தலைமையாசிரியைக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, ஒருத்தரும் வாயைத் திறக்கக் காணோம். பதிலை நீயே சொல்லிக் கொடுத்துடு."

துருவி எழுந்தாள். மனத்துக்குள் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"மேடம், ப்ளீஸ் வெயிட். வீ ஆர் திங்கிங்."

தலைமையாசிரியை திகைத்துப்போனார்.

அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஆங்கில வகுப்பில் இதுவரை பேசியே அறியாத 'மௌனசாமி'யின் குரல் அது.

"அண்டர் மை பெட். ஃபோர் கேட்ஸ்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அங்குமிங்கும் கைகள் உயர்ந்தன.

"நான்கு பூனைகளா? உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று தலைமையாசிரியை ஆங்கிலத்திலேயே கேட்டார்.

மௌனசாமி கூரையைப் பார்த்துச் சொற்களைத் தேடினான்.

தலைமையாசிரியை காத்திருந்தார்.