தடுத்தவள்

பால் பொங்கி வழிந்ததற்குக்கூட அன்று காலை அவள்தான் காரணம் ஆனாள்.

“பக்கத்துல நின்னுக்கிட்டே பொங்க விடுறாளே! லிஃப்ட்டுல ஏறி இறங்கியே பழகினவளுக்கு அடுப்படி எங்க தெரியப்போகுது?” மாமியார் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

மருமகள் அடுப்பைத் துடைத்தாள். லிஃப்ட்டில் சும்மா ஏறி இறங்கியவள் அல்ல அவள். நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட்டுகளைச் சோதிக்கும் பொறியாளராக இருந்தவள். அவள் சரி என்றால்தான் லிஃப்ட் ஓடும். அத்தனையையும் விட்டுவிட்டு இந்த மலையடிவார வீட்டுக்கு வந்தது ஒருவனுக்காக. ஊரே ‘கழுகு’ என்று கூப்பிட்ட மலையேற்ற வழிகாட்டி அவன்.

அலுவலக நண்பர்களோடு மலையேற வந்தபோதுதான் அவனைப் பார்த்தாள். அவன் நீட்டிய கயிற்றை விரல்களால் உருவிப் பார்த்து, “இந்தக் கயிறு என் லிஃப்ட்டுல இருந்தா, லிஃப்ட்டையே நிறுத்திடுவேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து அந்தக் கயிற்றை அங்கேயே துண்டாக்கிவிட்டுப் புதிய கயிறு எடுத்தான். அந்த இடத்தில் அவனிடம் விழுந்தவள்தான்! அப்புறம் விடுமுறை என்றால் அவள் மலைக்கு ஓடி வந்தாள். அவன் நகரத்துக்கு வந்து, சாலையைக் கடக்கத் தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவன் ஏறிய இடத்தில் பாறை சரிந்தது. ஒரு பகல் முழுக்க அந்தரத்தில் தொங்கியவனை மீட்டுக் கொண்டு வந்தார்கள். உடம்பு தேறியது; மனசு தேறவில்லை. உயரத்தில் நின்றால் போதும், கால் மரத்துவிடும், மூச்சு அடைத்துவிடும். அவள் மடியில் முகம் புதைத்து அழுதான்.

“கழுகுக்குப் பயம்னு தெரிஞ்சா நான் இந்த ஊர்ல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? நீதான் போகவிடலைன்னு சொல்லிக்கிறேனே... கொஞ்ச நாளைக்குத்தான்!”

“சொல்லிக்கோங்க...” என்றாள். அவன் அழுகை நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கொஞ்ச நாள், வருஷங்களாக நீண்டது. அவன் கூடாரமும் காலணியும் வாடகைக்கு விடும் கடையில் உட்கார்ந்தான். புருஷனை முந்தானையில் முடிந்துகொண்டவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது.

அன்று காலை அவள் அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மீட்புக்குழுத் தலைவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“கழுகு! மலையேற வந்த ஒரு ஜோடி செங்குத்துப் பாறையில நடுவுல மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் உன்னை விட்டா யாருக்குப்பா வழி தெரியும்? கிளம்பு!”

அவன் முகம் வெளிறியது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த நொடியே அவன் தோளைக் குலுக்கிச் சிரித்தான்.

“என்னைக் கேட்டு என்னண்ணே ஆகப்போகுது? இந்த வீட்டுல உத்தரவு போடுறது யாருன்னு தெரியாதா? அவளைக் கேளுங்க...”

அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. அழுதுகொண்டு கேட்டபோது கொடுத்ததை, இப்போது சிரித்துக்கொண்டு செலவழிக்கிறானே!

எல்லோர் கண்களும் அவள்மேல் இருந்தன. “அவர் வரமாட்டார்” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ரெண்டு உயிரும்மா!” என்றார் தலைவர்.

“நான் வர்றேன். அண்ணன்கூட ரெண்டு தடவை அந்தப் பக்கம் ஏறியிருக்கேன்” என்று உள்ளேயிருந்து வந்தான் அவனுடைய தம்பி. மாமியார் பதறித் தடுப்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டான்.

மதியம் சேதி வந்தது. மாட்டிக்கொண்ட இருவரும் பிழைத்தார்கள். இறங்கும்போது தம்பி வழுக்கி விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவள்மேல் பாய்ந்தாள்.

“திருப்திதானாடி உனக்கு? உன் புருஷன் மேல ஒரு கீறல் விழக்கூடாது, என் சின்னவன் மட்டும் உடைஞ்சு கிடக்கணுமா! நல்லா இருப்பியா நீ?”

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை... இப்போதாவது சொல்லிவிடுவான் என்று பார்த்தாள்.

அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: “நான் எவ்வளவோ கெஞ்சினேம்மா, விடு, போயிட்டு வந்திடுறேன்னு... கேட்டாத்தானே!”

கெஞ்சினானா? எப்போது? பொய்க்குத் துணை போனவள் முன்னாலேயே பொய் சொல்கிறானே... ஒருவேளை அதை அவனே நம்பத் தொடங்கிவிட்டானோ? அத்தனை பேருக்கு நடுவில், அந்த மனிதனின் மனைவி என்று நிற்கவே அவளுக்குக் கூசியது.

தன் ஊருக்கே போய்விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். தம்பியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போக நினைத்து அறைக்குள் நுழைந்தாள். இந்த வீட்டில் அவளை ஒருநாளும் கடிந்து பேசாதவன் அவன்தான்.

“அண்ணி...” வலியில் அவன் குரல் கம்மியிருந்தது. “நான் உங்களைத் தப்பா நினைச்சதே இல்லை. ஆனா இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணனை விட்டிருக்கலாமே? அவனா இருந்தா விழுந்திருக்க மாட்டான் அண்ணி... ஏன் விடலை?”

நீயுமா என்றிருந்தது அவளுக்கு. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கட்டுப்போட்டுக் கிடக்கிறவனிடம் அவன் அண்ணனின் மானத்தை உரிப்பதா?

“ஆமா தம்பி. என் தப்புதான். மன்னிச்சுக்கோ.”

வாசலில் ஏதோ சரிந்த சத்தம். திரும்பினாள். கதவைப் பிடித்தபடி கணவன் தரையில் உட்கார்ந்திருந்தான். பின்னால் மாமியார்.

“போதும்...” என்றான். “இதுக்கு மேலயும் நீ எனக்காகப் பொய் சொல்லாதே... டேய், அவ தடுக்கலைடா! ஒரு நாளும் தடுக்கலை. எனக்குப் பயம்டா! ஏணியில ஏறினாக்கூட உடம்பு நடுங்குது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு நான்தான் அவ பேரைச் சொல்லச் சொல்லிக் கால்ல விழுந்தேன். உன்னை மேல அனுப்பினது நான்டா... அவ இல்லை!”

மாமியார் தள்ளாடி வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“பாவி நான்... வாயில வந்ததெல்லாம் பேசினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“சொல்ல வேண்டியது நான் இல்லையே அத்தை...”

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. மாமியாரின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் வந்தாள்.

“நாளைக்கு நான் கிளம்புறேன்.”

“அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே... என்னை விட்டுட்டுப் போகாதே!”

“நீங்க பயந்தது எனக்கு ஒரு நாளும் கேவலமாத் தோணலைங்க. என் மடியில அழுதீங்களே, அந்த மனுஷனுக்காக நான் என்ன வேணா தாங்கியிருப்பேன். ஆனா காலையில சிரிச்சீங்க பாருங்க... ‘எவ்வளவோ கெஞ்சினேன்’னீங்க பாருங்க... அந்த ஆள்கூட எனக்கு வாழத் தெரியலை. நான் வேலைக்குத் திரும்பிப் போறேன். அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க. வைத்தியம் பார்த்துக்கணும்னு தோணினா வாங்க, கூடவே நிக்கிறேன். என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் வராதீங்க.”

மறுநாள் காலை அவளுடைய பெட்டியை மாமியாரே தூக்கிக்கொண்டு நடந்தாள். மகன் கை நீட்டியபோது, “நீ தொடாதே!” என்று விலக்கினாள். பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நமட்டுச் சிரிப்போடு கேட்டார்: “என்ன, டவுன்காரி கிளம்பிட்டாங்களா? இனிமே கழுகு மலைக்கு வந்துடும்னு சொல்லுங்க!”

மாமியார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

“வரமாட்டேங்க. எனக்குப் பயம். அவ என்னைத் தடுத்ததே இல்லை.” குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். பஸ் வந்தது. அவள் மாமியாரின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு ஏறினாள். கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலி இருக்கைகள் எத்தனையோ இருந்தும், அவன் நின்றிருந்த பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள்.