ஆம், நான்தான்

"மூடுடி அந்த லேப்டாப்பை! நாலு மணிக்கு ஜெபத்துக்கு ஆளுங்க வந்துடுவாங்க, வாசல்ல நாற்காலி எல்லாம்—"

"மூட முடியாது அண்ணி. நீங்க உங்க வேலையைப் பாருங்க—"

"—ஒன்பது நாள் முடிஞ்சுது. மெத்தையைப் புரட்டியாச்சு, கண்ணாடிக்குப் போட்ட துணியை எடுத்தாச்சு. அவன் போறதுக்கு வீட்டையே திறந்து விட்டுட்டு, நீ மட்டும் இதுல அவனைக் கட்டி வெச்சிருக்கே!"

"நானா? தினம் காலையில 'ஆம்'னு அழுத்துறது யாரு? நீங்கதானே?"

"நான் எதை அழுத்தினேன்?"

யுடெல்கா திரும்பவில்லை. சாண்டோ டொமிங்கோவின் மதிய வெயில் சன்னல் பலகைகளுக்கு இடையே கோடு கோடாக விழுந்திருந்தது. பீடத்தில் அழுக ஆரம்பித்த லில்லிப் பூக்களின் இனிப்பு நாற்றமும், அடுப்பில் வடியும் காப்பியின் வாசமும், முற்றத்தில் வாடகை நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஓசையும், பஞ்சு அடைத்த காதுக்கும் மூக்குக்கும் அப்பால் யாருக்கோ நடப்பவைபோல அவளை எட்டின. அவள் கணவன் எலிஹியோ இந்த மேசையில்தான் சாய்ந்தான். டாக்டர் வந்து ஒரு நிமிடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இந்தச் சூட்டில் வைத்திருக்க முடியாது என்று அவன் அக்கா மிரேயா அவசரப்படுத்த, மறுநாள் காலையிலேயே கல்லறைச் சுவரின் மூன்றாவது பொந்தில் வைத்துப் பூசிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு யுடெல்கா அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கடவுச்சொல்லைத் தட்டினாள். வீட்டிலிருந்து அவன் அலுவலகக் கணினிக்குள் போக அது மட்டும் போதாது. அவன் கைபேசிக்கு ஒரு கேள்வி போகும்: உள்ளே வருவது நீங்கள்தானா? அங்கே யாராவது 'ஆம், நான்தான்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினார்கள். கைபேசியை அடக்கத்துக்கு முந்தைய இரவு மிரேயா எடுத்துப்போனதை அவள் பார்த்திருந்தாள். அண்ணிக்கு வாய்தான் நீளம், மனசு நல்லது என்று நினைத்துக்கொண்டாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

உள்ளே போய் அவள் ஒன்றும் செய்வதில்லை. அவன் பெயரை இன்னும் எவரும் நீக்கவில்லை. பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். புயலில் கூரை போன ஒருவருக்கு அவன் பாதி எழுதிய கடிதம் அப்படியே இருக்கும். மதியம்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்றுதான். அந்த 'ஆம்' வரவரத் தாமதமாயிற்று. முதல் நாள் காப்பி ஆறுவதற்குள் வந்தது. நாலாம் நாள் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள், அப்போதுதான் வந்தது. நேற்று நாற்பது நிமிடம். அண்ணிக்கு அலுத்துவிட்டது போலும் என்றுதான் எண்ணினாள். இன்று எட்டு மணியிலிருந்து, கேள்வி காலாவதியாக ஆக, மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இப்போது மணி இரண்டரை.

"யுடெல்கா." மிரேயாவின் குரலில் சண்டை இல்லை. "எந்த போனைச் சொல்றே?"

"அவரோடதுதான். நீங்க எடுத்துட்டுப் போனீங்களே."

"எடுத்தேன். போன் இல்லாம கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டானே அவன். அங்க போய் என்ன பண்ணுவான்னு..." சிரிப்புபோல ஏதோ வந்து பாதியில் நின்றது. "ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்தேன். பெட்டிக்கு மூடி போடறதுக்கு முன்னாடி அவன் கைக்குள்ள வெச்சேன்."

முற்றத்தில் நாற்காலிச் சத்தம் நின்றிருந்தது.

மின்விசிறி. காப்பி பொங்கி அடுப்பில் தீயும் வாடை. மிரேயாவின் விரல்களில் ஜெபமாலை மணிகள், நகராமல்.

திரையில் வட்டம் சுற்றியது.

சுற்றியது.

யுடெல்கா மறுபடி அனுப்பினாள். அங்கே அது அதிரும். இருட்டில். சுவருக்குள். அந்த வெளிச்சம் முகத்தில் படும்.

வட்டம் நின்றது.

ஆம், நான்தான்.

கதவு திறந்ததுபோலத் திரை விரிந்தது. அவன் பெயர். பச்சைப் புள்ளி.

உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கும் குரலில் யுடெல்கா கேட்டாள்:

"அண்ணி, போனை வெச்சப்போ அவர் கை சில்லுன்னு இருந்துச்சா?"