ஜோடி சேராத ரத்தம்

டெலிபோன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் சார், நீங்க தேடுத பொணம் இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள தானா நடந்து வரும். நான் வர வைக்கேன்."

தூத்துக்குடி இன்ஸ்பெக்டர் செந்தூர்வேல் ரிசீவரை முறைத்தார். அவர் முறைத்தால் துறைமுகத்துக் கிரேன்கூடக் கொஞ்சம் குனியும் என்று ஊரில் பேச்சு. மறுமுனை குனியவில்லை.

எமில்டா. தடய அறிவியல் ஆய்வகத்தின் டி.என்.ஏ. நிபுணர். பிறந்த ஊர் புன்னைக்காயல்.

"காலங்காத்தால கேலி பண்ணாதீங்க மேடம். இனிகோ செத்தாச்சு. கொன்ன ஜாக்சன் லாக்கப்புல இருக்கான். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தப் போறேன்."

கேஸ் அவ்வளவு கச்சிதம்! புன்னைக்காயலில் ஒரே படகின் கூட்டாளிகளான இனிகோவும் ஜாக்சனும் பழுதான இன்ஜினுக்காகக் கடற்கரையில் கட்டிப் புரண்டார்கள். மறுநாள் இனிகோவைக் காணோம்...

மாப்பிள்ளையூரணிப் பக்கத்து உப்பளத்தில், உப்புக் குவியலுக்குள் அவன் சட்டை. முழுக்க ரத்தம்!

பிணம்தான் இல்லை. படகு, ட்ரோன், மோப்ப நாய் என்று செந்தூர்வேல் கடலையே கவிழ்த்துப் பார்த்துவிட்டார். நாய்க்கு வாந்தி வந்ததுதான் மிச்சம்.

ஸ்டேஷன் வாசலில் ஜாக்சனின் மனைவி ஸ்டெபி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

உப்பில் கிடந்த ரத்தத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று இளப்பமாகக் கேட்டார் செந்தூர்வேல்.

"சட்டையை ஒளிச்சவனும் அப்படித்தான் நெனச்சிருக்கான். உப்பு அழிக்காது சார். கருவாடு மாதிரிக் காப்பாத்தும். டி.என்.ஏ. ரெண்டு இழை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்புதான் நடுவுல நின்னு சமாதானம் பேசும்."

பிறகு பாடமே நடந்தது. மொத்தம் நாலே எழுத்து. ஏ, டியோடு மட்டும் சேரும். ஜி, சியோடு மட்டும். ஆர்.என்.ஏ.வில் டிக்கு லீவு. அந்த நாற்காலியில் யூ உட்காரும், ஏ அதையும் ஏற்றுக்கொள்ளும். சூடு காட்டினால் இழைகள் பிரியும். ஆறினால் தன் ஜோடியைத் தேடி ஒட்டும்.

"எங்க மாமனாரைவிடக் கறாரா இருக்கே..."

"அதான் சார். மனுஷ ரத்தத்தோட மட்டும் ஜோடி சேருத துண்டு இழையைத் தூண்டில் மாதிரிப் போட்டேன். ஒட்டல. ஆடு, மாடு, கோழிக்கு உள்ளதைப் போட்டேன். ஒட்டல. கடைசியில கடலாமைக்கு உள்ளதைப் போட்டேன்."

"ஒட்டிச்சா?"

"கவ்விப் பிடிச்சிக்கிட்டு."

செந்தூர்வேலின் மீசை ஒரு பக்கம் மட்டும் இறங்கியது.

எமில்டாவின் கணக்கு இதுதான்: கடலாமையை வெட்டினால் ஜெயில். வெட்டிய இனிகோ ரத்தச் சட்டையை உப்பில் புதைத்திருக்கிறான். காணாமல் போனவனைத் தேடி வந்த போலீஸ் படகுகளைப் பார்த்ததும் தன்னைப் பிடிக்கத்தான் படையே வருகிறது என்று பதுங்கியிருக்கிறான். போலீஸ் தேடத் தேட, பிணம் இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கிறது!

"ஒரு ஆமைக்காவ ஒருத்தன் இப்படி ஒளிவானா? நம்ப மாட்டேன் மேடம்."

"புன்னைக்காயல்காரன் எங்கன ஒளிஞ்சாலும் மாதா கோயில் மைக் கேக்குத தூரத்தைத் தாண்ட மாட்டான். நான் பங்குச் சாமியார்ட்ட பேசிட்டேன். நீங்க போய் நில்லுங்க."

போனார். சும்மா, எமில்டா தோற்பதைப் பார்க்க.

கோயிலில் துக்க மணி அடித்தது. மைக்கில் சாமியார் பொய் சொல்லவில்லை. இனிகோ இறந்துவிட்டதாகப் போலீஸ் சொல்கிறது, கொன்றதாகச் சொல்லி ஜாக்சனை இன்று ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள், இருவருக்காகவும் ஜெபிப்போம் என்றார்.

கூட்டம் முழந்தாளிட்டது.

அடுத்த நிமிடம்... கோயிலை அடுத்த வலைக்கொட்டகைக் கதவு வெடித்துத் திறந்தது! லுங்கியும் தாடியுமாக ஓர் உருவம். நாலு பெண்கள் மயங்கினார்கள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏலே, ஜாக்சனை விடுங்கலே. அவன் என்னையக் கொல்லல. நான் கொன்னது ஆமையத்தான்."

பிணமே கொடுத்த வாக்குமூலம்! செந்தூர்வேல் பிணத்துக்கு விலங்கு மாட்டினார். ஜாக்சனை விடச் சொல்லி ஸ்டேஷனுக்குத் தகவல் பறந்தது. வாசலில் ஸ்டெபி முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டாள்.

எமில்டாவுக்கு போன் போட்டார் இன்ஸ்பெக்டர். தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... பொணம் வந்துட்டு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆனா உங்க ரிப்போர்ட்டுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"நடந்து வரல... ஓடி வந்துச்சு."