பத்து ரொட்டி, பத்து விருது

“பத்துக்குப் பத்து! ஒரு படம்கூடப் பார்க்காம, பத்து விருதும் யாருக்குன்னு சரியாச் சொல்வேன்!”

பிரமிளா இப்படிச் சொன்னதும், அப்துல் காதர் மாமாவின் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. மேலே போன தேநீர் கீழே வர மறந்து, அரை நிமிடம் அந்தரத்திலேயே நின்றது. கடையில் இருந்த பதினேழு பேரும் அதைப் பார்த்தார்கள். வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஜன் மட்டும் சிரித்தான்.

“நீயா? நடிகருக்கும் டைரக்டருக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டவதானே நீ?”

“அது போன வருசம் லா.”

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இவர்கள் இருவரும் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் அந்த ரொட்டிக் கடை. ஆண்டுதோறும் அமெரிக்காவில் அந்தப் பெரிய சினிமா விருது விழா நடக்கும்போது, இங்கே ஒரு போட்டி நடக்கும். பத்து விருதுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பேர் போட்டியில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு மாமா சுவரில் ஒட்டிவிடுவார். யார் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறோமோ, அந்தப் பத்து எண்களையும் கடையின் ஆர்டர் சீட்டு ஒன்றில் வரிசையாக எழுத வேண்டும். பெயருக்குப் பதிலாக, மேலே நாம் வழக்கமாக உட்காரும் மேசையின் எண். பிறகு சீட்டை மைலோ டின்னில் போட்டுவிட வேண்டும்.

ஜெயிப்பவரின் பெயரை மாமா ஒரு புது ரொட்டிக்கு வைப்பார்.

இரண்டு ஆண்டுகளாக ஜெயித்தவன் கஜன். பதின்மூன்று வயது. படங்களைப் பற்றி அவன் எழுதி வைத்திருக்கும் நோட்டுகளை அடுக்கினால், கொம்தார் கோபுரத்தின் பக்கத்தில் இன்னொரு கொம்தார் எழும்பும். யாராவது “ரொட்டி கஜன் ஒண்ணு!” என்று கேட்டால் போதும், அவன் இரண்டு அங்குலம் வளர்வான்.

“சரி, பத்துக்குப் பத்து எடுத்தா என்ன வேணும்?” என்றான் கஜன்.

“ஒரு வருசத்துக்கு என்னை அக்கான்னு கூப்பிடணும்.”

பிரமிளாவுக்கு வயது பத்துதான். கடையே சிரித்தது.

“எடுக்கலன்னா?”

“ஒரு மாசம் தினமும் இங்க வந்து, ரொட்டி கஜன் ஒண்ணுன்னு கத்திக் கேக்குறேன்.”

“எல்லாருக்கும் கேக்கணும்.”

“கடல் தாண்டி பட்டர்வொர்த் வரைக்கும் கேக்கும்!”

ஞாயிற்றுக்கிழமை காலை பிரமிளா ஏழாம் மேசையில் உட்கார்ந்து சீட்டை எழுதினாள். அவளிடம் ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. அவள் வீடு நான்காவது மாடி. ஆனால் லிஃப்டில் நான்கு என்ற எண்ணே கிடையாது. மூன்றுக்குப் பிறகு ‘3A’ என்று போட்டிருக்கும். சீனர்களுக்கு நான்கு ஆகாத எண்ணாம். பிரமிளாவுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கும். லிஃப்டில்கூட இடமில்லாத நான்குக்கு, தானாவது இடம் கொடுப்போமே என்று நினைத்தாள். நாம் இரக்கம் காட்டினால் நான்கும் நமக்கு இரக்கம் காட்டாதா?

அதனால் பத்து விருதுக்கும் நான்கு, நான்கு, நான்கு என்றே எழுதினாள்.

அந்த நேரத்தில் பத்து காவான் என்ற ஊரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பெரியவரும் சின்னவருமாகப் பத்துப் பேர் இறங்கினார்கள்.

“பிரமி, கொஞ்சம் எழுந்துக்கம்மா. இவங்க போன் பண்ணி மேசை சொல்லி வெச்சிருக்காங்க” என்றார் ரொஸ்னா அக்கா. ஏழாம் மேசையோடு பக்கத்து மேசையையும் சேர்த்துப் போட்டு, அவர்களை உட்கார வைத்தார்.

ரொஸ்னா அக்கா பதினோரு வருடமாக அந்தக் கடையில் ஆர்டர் எடுக்கிறார். ஒருமுறைகூடத் தப்பானதில்லை. ரொட்டிகளின் பெயரை அவர் எழுதுவதே இல்லை. எல்லாம் எண்தான். ஒன்று என்றால் கோசோங், அதாவது உள்ளே ஒன்றும் இல்லாதது. இரண்டு முட்டை, மூன்று வெங்காயம், நான்கு சார்டின் மீன், ஐந்து வாழைப்பழம். மேலே மேசை எண்ணைப் போட்டு, பத்துப் பேரையும் கேட்டு மடமடவென்று எழுதி, சீட்டைக் கல்லா மேல் வைத்தார்.

பிரமிளாவும் தன் சீட்டைக் கல்லா மேல் வைத்துவிட்டு, மைலோவை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு சீட்டை எடுத்து டின்னில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

டின்னுக்கு கஜன் டேப் ஒட்டினான். டேப் மேல் கையெழுத்தும் போட்டான். அவனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

அமெரிக்காவில் ஞாயிறு மாலை என்றால் பினாங்கில் திங்கள் காலை. பிள்ளைகள் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே விருதுகளை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். பள்ளி விட்டதும் பிரமிளா நேராகக் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ரொஸ்னா அக்கா பின்பக்கம் குவளை கழுவிக்கொண்டிருந்தார். பிரமிளா அங்கே ஓடினாள்.

“ஏன்க்கா இங்க நிக்கிறீங்க?”

“நேத்து ஆர்டர் தப்பாப் போச்சாம். இனிமே நான் எழுத வேணாமாம்.” ரொஸ்னா அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் சரியாத்தான் எழுதினேன். சொன்னா யாரு கேக்குறா?”

அதற்குள் மாமா சுவர்ப் பட்டியலில் ஜெயித்த எண்களுக்கு வட்டம் போட்டுவிட்டு, டின்னைத் தட்டினார். “வாங்க, வாங்க! டேப்பைப் பாத்துக்க கஜன். உன் கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மீன் விற்கும் அண்ணனுக்கு இரண்டு. தையல்காரருக்கு மூன்று. கஜனுக்கு ஏழு! கைதட்டல் எழுந்தது. கஜன் வளரத் தொடங்கினான்.

“கடைசிச் சீட்டு. ஏழாம் மேசை, நம்ம பிரமிளா” என்றார் மாமா. “சிறந்த படம், ரெண்டு. சரி! சிறந்த நடிகை, அஞ்சு. சரி! சிறந்த நடிகர், ஒண்ணு. அடடே, சரி!”

நான்காவதும் சரி. ஐந்தாவதும் சரி. எட்டாவது விருதின்போது கறிக் குழம்பு கொதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. பத்தாவதைப் படிக்கும்போது மாமாவின் குரல் கீச்சென்று போயிற்று.

“சரி! பத்துக்குப் பத்து!”

கடையில் எழுந்த கூச்சலில் கூரைக் காற்றாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. தையல்காரர் பிரமிளாவைத் தூக்கி நாற்காலியில் நிறுத்தினார். “அக்கா சொல்லு! அக்கா சொல்லு!” என்று எல்லோரும் கஜனைப் பிடித்துக்கொண்டார்கள்.

கஜன் தரையைப் பார்த்தபடி, “அ… அக்கா” என்றான்.

அந்தச் சொல் தேனாக இருந்தது. ஆனால் பிரமிளா, மாமா படித்ததை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ரெண்டு? அஞ்சு? ஒண்ணு? அவள் எழுதியது எல்லாமே நான்குதானே!

நாற்காலியில் நின்றபடியே பின்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, நேத்து என்ன ஆர்டர் தப்பாச்சு?”

“பத்து ரொட்டி. ஆளுக்கு ஒரு தினுசாக் கேட்டாங்க. பத்தும் சார்டினா வந்துச்சு. வாழைப்பழ ரொட்டி கேட்ட சின்னப் பாப்பா ஒரே அழுகை. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.”

பத்தும் சார்டின். பத்தும் நான்கு!

பிரமிளாவுக்குப் புரிந்துவிட்டது. கல்லா மேல் இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டிலும் மேலே ஏழு, கீழே பத்து எண்கள். அவள் ரொஸ்னா அக்காவின் சீட்டை எடுத்து டின்னில் போட்டுவிட்டாள். அவளுடைய சீட்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டால் ஒரு வருடம் அவள் அக்கா. ‘ரொட்டி பிரமிளா’ கிடைக்கும். ஆனால் பின்பக்கம் ஒரு குவளை இன்னொரு குவளையில் மோதும் சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியிலிருந்து குதித்தாள்.

“மாமா, அது என் சீட்டு இல்ல. அது ரொஸ்னா அக்கா எழுதின ஆர்டர். நான்தான் மாத்திப் போட்டுட்டேன். அக்கா சரியாத்தான் எழுதினாங்க.”

எல்லோரும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

மாமா சமையற்கட்டுக் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டினார். பத்து நான்குகள் போட்ட சீட்டு வெளியே வந்தது. அதன் மூலையில் மைலோ கறை வட்டமாக இருந்தது.

“உன்னோடதா?”

“ஆமா.”

கஜன் அதைப் பிடுங்கி, சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தான். “ஒண்ணுகூடச் சரியில்ல. உன் மார்க்கும் கோசோங்தான்!”

“தெரியும்” என்றாள் பிரமிளா. மூச்சை இழுத்துக்கொண்டு, “ரொட்டி கஜன் ஒண்ணூ!” என்று கத்தினாள். பட்டர்வொர்த்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா பின்பக்கம் போனார். ஈரக் கையோடு நின்ற ரொஸ்னா அக்காவிடம் சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதாம்மா.”

ரொஸ்னா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிக் காதில் செருகினார். “ஏழாம் மேசைக்கு ரொட்டி கஜன் ஒண்ணு. சத்தம் நல்லாவே கேட்டுச்சு” என்றார்.

“இருங்க, இருங்க!” கஜன் கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். “அஞ்சுல ஒண்ணு, பத்துத் தடவை. கிட்டத்தட்டப் பத்து மில்லியன்ல ஒரு தடவைதான் இப்படி அமையும். ரொட்டி ஆர்டர் எப்படி விருதைச் சொல்லும்? நடக்கவே நடக்காது!”

“நடந்திருக்கே” என்றார் தையல்காரர். “யாரோ முட்டை ரொட்டி கேட்டது சிறந்த படம். அந்தப் பாப்பாவோட வாழைப்பழம் சிறந்த நடிகை.”

கஜன் சீட்டைச் சுவரோடு நான்கு முறை ஒப்பிட்டான். டேப்பில் இருந்த தன் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

“அப்போ ஜெயிச்சது யாரு?” என்றார் மாமா.

“பத்து காவான்காரங்கதான்” என்றாள் பிரமிளா. “பத்துப் பேரு, பத்துக்குப் பத்து. ரொட்டிக்கும் அதே பேரை வைங்க மாமா. ரொட்டி பத்து காவான்! கூப்பிட்டுச் சொல்லுங்க. அந்தப் பாப்பாவுக்கு வாழைப்பழ ரொட்டியும் கொடுக்கணும்.”

மலாயில் ‘காவான்’ என்றால் கூட்டாளி. பத்துக் கூட்டாளிகள்! மாமாவுக்குப் பெயர் பிடித்துவிட்டது. மேசை சொல்லி வைத்தவர் கொடுத்த கைப்பேசி எண் இருந்தது. உடனே போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“ஹலோ, மோகனராஜ் பேசுறேன்.”

“தம்பி, நேத்து ஏழாம் மேசையில நீங்க சொன்ன ரொட்டி ஆர்டர், சினிமா விருதுப் போட்டியில பத்துக்குப் பத்து எடுத்து ஜெயிச்சிருச்சு! உங்க ஊர் பேர்ல ஒரு ரொட்டி…”

“இது ஸ்கேம்தானே? அடுத்து பேங்க் நம்பர் கேப்பீங்க. வேற ஆளப் பாருங்க!”

“ஐயோ, ஸ்கேம் இல்லப்பா!”

“ரொட்டி போய் விருது சொல்லுமா? யாரு அண்ணே நம்புவா?”

மாமா போனைக் கையால் பொத்தினார். பிரமிளா கஜனைப் பார்த்தாள். எல்லோரும் கஜனைப் பார்த்தார்கள்.

கஜன் பெருமூச்சு விட்டுப் போனை வாங்கினான்.

“அண்ணே, நான் கஜன். நான் எதையும் சட்டுன்னு நம்புறவன் இல்ல. இவ்வளவு நேரமும் நடக்காது, நடக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்ததே நான்தான்.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நடந்துச்சு அண்ணே. என் கண்ணால பாத்தேன்.”