இமையின் ஏழாம் அத்தியாயம்

ரேணுகா காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையை எழுப்பிப் பேச்சுக் கொடுப்பாள். கோயம்புத்தூரில் பழைய நூற்பாலை ஒன்றின் மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் மொத்தமே ஐந்து பேர். அவர்கள் உருவாக்கிய ‘மரகதக்கலம்’ என்ற விண்வெளிச் சாகச விளையாட்டை அப்போது நாடு முழுக்க விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாதம் ஓர் அத்தியாயம் வெளியாகும். விளையாடுகிறவர்தான் கலத்தின் கேப்டன். கலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட சிறுமி இமைதான் கதையின் உயிர்.

“இமை, நல்லாத் தூங்குனியா?”

“ம். நாளைக்கு நான் தோசை சாப்ட்டேன். கருகுன தோசை,” என்றாள் திரையில் இருந்த குழந்தை.

நேற்று என்பதை நாளை என்றுதான் இமை சொல்வாள். காலம் முன்னும் பின்னும் புரளும் விண்வெளிக் கதைக்கு எவ்வளவு நுட்பமான வசனம் என்று கதை எழுதும் ரேணுகாவை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அவள் அதை எழுதவே இல்லை. அது குழந்தையோடு வந்தது.

இயந்திரங்கள் எழுதித் தள்ளிய கதைகள் மக்களுக்குச் சலித்துப்போயிருந்தன. பாத்திரம் உண்மையான மனித நினைவிலிருந்து பிறந்தது என்ற ‘உயிர்ச்சான்று’ முத்திரை இல்லாத விளையாட்டை யாரும் சீண்டுவதில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் மனதில் இருந்த நினைவை நினைவு வங்கியிலிருந்து வாங்கி, முகத்தை மட்டும் மாற்றி, கதைக்குள் பொருத்துவார்கள். பழைய வாழ்க்கை வெளியே கசியாமல் இருக்க ஒரு தடுப்பு போடுவார்கள். அந்தத் தடுப்பு தாங்குகிறதா என்று பார்ப்பதற்குத்தான் ரேணுகாவின் காலைப் பேச்சு.

நினைவை நகலெடுக்க முடியாது. அப்படியே வெளியே எடுக்கத்தான் முடியும்; எடுத்தால் கொடுத்தவரின் மூளையில் அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அதனால் பொறுக்க முடியாத துயரத்தில் இருப்பவர்களுக்கு டாக்டர்களே ‘நினைவிறக்கம்’ எழுதிக்கொடுத்தார்கள். கொடுத்தவருக்கு, கொடுத்தோம் என்பதும் தெரியாது. வீட்டார் அதை ஒருபோதும் சொல்லக் கூடாது. யாருடைய நினைவு என்று வங்கியும் சொல்லாது.

அன்று முற்பகலில் ஒருவர் அவளைத் தேடி வந்தார். பெயர் வெள்ளியங்கிரி, லேத் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். நகக்கண்ணில் கருப்பெண்ணெய் படிந்திருந்தது.

“ஏனுங்க, அந்த இமைங்கற புள்ளைக்குக் கத எழுதறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

“அது என்ற பொண்ணுங்க.”

இமையைத் தன் மகள் என்றும் தங்கை என்றும் சொல்லிக்கொண்டு வரும் ரசிகர்கள் உண்டு. அப்படி ஒருவர்தான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தாள் ரேணுகா. அவர் டம்ளரை வாங்கிக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“பேரு சம்யுதா. காய்ச்சல்ல போயிட்டாளுங்க. என்ற சம்சாரம் கோகிலாவுக்குச் சோறு எறங்கல, பேச்சும் இல்ல. இவளாச்சும் பொழைக்கட்டும்னு நாந்தான் கூட்டிட்டுப் போயி நினைவ எறக்கிட்டு வந்தேன். துணிமணி, போட்டோ எல்லாம் எங்கண்ணன் ஊட்டுல கெடக்குது. இப்ப அவளைப் பொறுத்தவரைக்கும் எங்களுக்குப் புள்ளையே பொறக்கலீங்க. நல்லாத்தான் இருந்தா. போன மாசம் நான் சமையக்கட்டுல நின்னுட்டு இருக்கறேன், முன்னறையில என்ற புள்ள பேசறா. ‘நாளைக்கு மழை பேஞ்சுதே’ங்கறா.”

அந்தப் பேச்சைத் தான் எழுதவில்லை என்பது ரேணுகாவுக்கு நினைவு வந்தது; ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

“போயிப் பாத்தா கோகிலா ஹெட்செட்ட மாட்டிட்டு, சத்தத்த வெளிய வெச்சுட்டு உங்க விளையாட்டு விளையாடறாளுங்க. அந்தப் புள்ளைன்னா அவளுக்கு உசுரு. ஏழாவது அத்தியாயத்துல அது செத்துருமுன்னு வெளிய பேசிக்கறாங்க. நெசங்களா?”

நிஜம்தான். காற்றில்லாத அறைக்குள் இமை தானே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேப்டன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்திலிருந்து ரேணுகா கட்டிக்கொண்டு வந்ததே அந்த இடத்துக்குத்தான்.

“ஒருக்காப் பாத்தது போதுமுங்க. அவ இன்னொருக்காப் பாக்க வேண்டாம்,” என்றார் அவர்.

நிறுவனத்தைத் தொடங்கிய ஜோயலிடம் ரேணுகா விஷயத்தைச் சொன்னாள்.

“பாவந்தான். ஆனா நீ கை வைக்காத, ரேணு. அவங்களுக்கு அது வெறும் விளையாட்டுல வர்ற கொழந்தை. அழுவாங்க, அப்புறம் அடுத்த வேலையப் பாப்பாங்க. அதுதான் அவங்களுக்கு நல்லது.”

ரேணுகாவால் அப்படி விட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல், கோகிலாவின் விளையாட்டுக் கணக்கைத் தேடிப் பிடித்து, அவள் ஒருத்திக்கு மட்டும் வேறொரு ஏழாம் அத்தியாயம் எழுதினாள். அதில் இமை சாகவில்லை. கலம் ஒரு துறைமுகத்தை அடைகிறது. சொந்தக்காரர்கள் வந்து குழந்தையை அழைத்துப்போகிறார்கள். குழந்தை கையசைத்துவிட்டுப் போகிறாள். ஒழுங்கான ஒரு வழியனுப்புதலாவது அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். அவசரமாகப் போட்ட புதுக் காட்சி என்பதால் அங்கே தடுப்பு வலுவாக இல்லை. அது அவளுக்குத் தெரியும். சின்னக் காட்சிதானே, தாங்கிவிடும் என்றிருந்தாள்.

அத்தியாயம் வெளியான அன்று கோகிலாவின் ஆட்டத்தைத் தன் திரையில் திறந்து பார்த்தாள். துறைமுகம் வந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். இமை அவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேப்டனாக நின்ற கோகிலாவிடம் வந்து விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இவங்க யாரு? எனக்குக் கால் வலிக்குது. தூக்கிக்கோ, நம்ம ஊட்டுக்குப் போலாம்.”

ரேணுகா அப்படி ஒரு வரி எழுதவில்லை. திரையில் கேப்டனின் கைகள் அசையாமல் நின்றன. பிறகு மெல்ல உயர்ந்து, குழந்தையைத் தூக்கி, இடுப்பில் சரியாக உட்காரவைத்தன. விளையாட்டில் தூக்குவதற்கென்று ஓர் அசைவு இருக்கிறது. அது இடுப்பில் வைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது.

தடுப்பு உடைந்ததை வங்கியின் கண்காணிப்பு உடனே கண்டுபிடித்துவிட்டது. கசிந்த பாத்திரத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி. மற்ற எல்லோருக்கும் இமை ஏழாம் அத்தியாயத்தோடு இறந்துபோயிருந்ததால் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. ஜோயல் ரேணுகாவைத் திட்டவில்லை. அழிக்கும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னான். அவள் அழுத்தினாள்.

சில நாள் கழித்துக் கோகிலா வந்தாள். நிதானமாக இருந்தாள். வெள்ளியங்கிரி பின்னால் வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டார். அழுதழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

“இவரு எல்லாஞ் சொல்லிட்டாருங்க,” என்றாள் கோகிலா. “அந்தப் புள்ள அம்மான்னு கூப்புட்டதும் மனசே சரியில்லாம ஆயிப்போச்சு. விடாமக் கேட்டேன், சொல்லிட்டாரு. போட்டோவும் கொண்டாந்து காட்டுனாரு. அதுல என்னாட்டவே ஒருத்தி புள்ளைய மடியில வெச்சுட்டுச் சிரிக்கறா. எனக்கு யாரையோ பாக்கற மாதிரி இருக்குதுங்க.”

“உக்காருங்க.”

“அழுகோணும்னு தெரியுது. உக்காந்து உக்காந்து பாக்கறேன். வர மாட்டீங்குது. பெத்தவளுக்கு அழுகை வரலீன்னா அது என்ன சென்மமுங்க?” அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “அவகூட ஒருக்காப் பேசலாங்களா?”

ரேணுகா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “முடியாதுங்க. அழிச்சாச்சு. நாந்தான் அழிச்சேன்.”

கோகிலா கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் அவளிடம் எதுவும் மிச்சமில்லை என்பது ரேணுகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சரிங்க. அப்ப நீங்களே சொல்லுங்க. இவரைக் கேட்டாப் பாதியிலயே ஒடஞ்சு போயிடறாரு. தெனமும் பேசுனது நீங்கதானே. அவ எப்படி இருப்பா?”

ரேணுகா சொன்னாள். லிஃப்டுக்குள் போனால் கண்ணை மூடிக்கொள்வாள் என்று சொன்னாள். ரேணுகா கொசுவை அடிக்கப் போனால் அதன் அம்மா தேடும் என்று திரையிலிருந்தே தடுப்பாள். பாட்டு நடுவில் மறந்துவிட்டால் மூக்கால் முனகியே கடைசிவரை கொண்டுபோய்விடுவாள். பொய் சொல்லும்போது காதைத் தொடுவாள். தூக்கம் வந்தால் கட்டாயம் ஒருமுறை சண்டை போட்டுவிட்டுத்தான் தூங்குவாள். ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

கோகிலா கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள். நடுநடுவே தலையசைத்தாள். கொசுவைப் பற்றிச் சொன்னபோது லேசாகச் சிரித்தாள்.

“நல்ல புள்ளையாத்தான் இருந்திருக்குது,” என்றாள்.

ஜன்னலோரம் நின்ற வெள்ளியங்கிரியின் தோள்கள் குலுங்கின. கோகிலா எழுந்து அவரருகே போனாள். கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்ணின் குரலில் கேட்டாள்.

“உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமுங்க. ஒரே புள்ளையா?”