மணக்காத எண்ணெய்

ஐந்தருவிக்குக் கீழே, ஓடையில் ஒரு பிணம் கிடந்தது...

சாரல் பிடித்திருந்த காலை நேரம். மேலே அருவியில் கும்பல் கும்பலாகக் குளியல். கீழே பாறை இடுக்கில் முகம் கவிழ்ந்து ஒருவன். இடுப்பில் ஒரு துண்டு. உடம்பெல்லாம் எண்ணெய்.

முதலில் பார்த்தது ரம்புட்டான் பழக் கடைக்காரர் காஜா. கூடை கழுவ இறங்கியவர் கூடையை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் குழல்வாய்மொழி வந்து சேர்வதற்குள் பாதிக் கூட்டம் வீடியோ எடுத்து முடித்திருந்தது. ஒருவன் பிணத்துக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபியே எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைச் சுளித்தாள். பிணத்தைப் பார்த்து அல்ல.

ஏட்டு செல்லப்பா அதற்குள் கேஸையே முடித்துவிட்டிருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்திருக்கிறான், வழுக்கி விழுந்திருக்கிறான், சீசனுக்கு ஒன்றிரண்டு இப்படி நடக்கத்தான் செய்கிறது என்றார்.

குழல்வாய்மொழி குனிந்தாள். செத்தவன் தலைமுடியைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். இன்னொரு தரமும் மோந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மோந்து பாருங்க."

"பொணத்தையா மேடம்?"

"என் விரல."

செல்லப்பா தயங்கித் தயங்கி மோந்தார்.

"ஒரு வாசமும் தெரியலயே..."

"அதான். நல்லெண்ணெய் இல்ல. மூலிகை எண்ணெயும் இல்ல. குத்தாலத்துல மணக்காத எண்ணெயத் தேச்சுக் குளிக்க வந்தவன இன்னைக்குத்தான் பாக்குதேன்."

கரையில் சட்டையும் பேண்ட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சட்டைப் பையில் அடையாள அட்டை. பெயர் விஜயசங்கர். தென்காசிக்கும் இலத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன்.

கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்!

மத்தியானம் நிதிக் கமிட்டி வருகிறதாம். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று பார்த்து, திருப்தியாக இருந்தால் அடுத்த தவணை நிதிக்குக் கையெழுத்துப் போடுமாம்.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் அருமைநாயகம். அவர் அறைக்குள் அவள் நுழைந்தபோது போனில் சாப்பாடு பேசிக்கொண்டிருந்தார். கமிட்டிக்குப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் போதுமா, காடையும் சேர்க்கலாமா என்பது அப்போதைய பிரச்சினை.

செய்தியைச் சொன்னாள்.

கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ என்றார். நல்ல பையன் என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். துக்கம் அதோடு முடிந்தது.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். கமிட்டி போற வரைக்கும் இந்த நியூஸ் வெளிய வராமப் பாத்துக்க முடியுமா? போஸ்ட்மார்ட்டத்தக்கூட நாளைக்கு..."

"ஐஸ்ல வச்சிருக்கச் சொல்லுதீங்களா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் கொஞ்சம் குடிப்பான். உங்களுக்கும் ஈஸியா முடிஞ்சிரும்னு பாத்தேன்."

அவள் திட்டத்தைப் பற்றிக் கேட்டாள். வேறு எதைச் சொன்னாலும் கெட்ட வார்த்தையாக வரும் போலிருந்தது.

அவர் திட்டத்தைப் பற்றி உற்சாகமாக விளக்கினார். பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பொருள். கண்ணாடி மேல் மெல்லிசாகப் பூசினால் போதும், வெயிலில் மின்சாரம் தரும். செலவு குறைவு. ஆனால் ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் கருப்பான பூச்சு மஞ்சளாகி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். ஈரத்தைத் தாங்கும் பூச்சைக் கண்டுபிடித்தாகிவிட்டது, குற்றாலச் சாரலிலேயே நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் கோடிக்கணக்கில் அரசாங்க நிதி வாங்கியிருந்தார் மனிதர்.

மொட்டை மாடியில் அந்தப் பூச்சு பூசிய தகடு இருந்தது. சாரலில் நனைந்துகொண்டே பக்கத்திலிருந்த பல்புகளை எரிய வைத்துக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து, தென்காசி ஆஸ்பத்திரி.

பிணவறை வராந்தாவில் விஜயசங்கரின் மனைவி முத்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். திருவேங்கடம் ஊர்ப் பெண். அழுது முடித்த முகம். பக்கத்தில் டீ டம்ளரை நீட்டியபடி ஒருவன் நின்றான். முத்துகுமரன். விஜயசங்கருடன் அதே ஆய்வகத்தில், அதே திட்டத்தில் வேலை பார்ப்பவன். இலத்தூர்க்காரன்.

முத்துசெல்வி எழுந்து வந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலேஜ்ல இருந்து போன் பண்ணாக. குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னு எழுதிக் குடு, காரியத்துக்கு உதவி பண்ணுதோம்னாக. அவுக குடிக்கவே மாட்டாகம்மா. நாளைக்கு எம் பிள்ள வளந்து உங்கப்பன் எப்படிச் செத்தான்னு எவனாவது கேட்டா, குடிகாரன்னா சொல்லும்? அப்படி மட்டும் எழுதிராதீக."

"எழுத மாட்டேன். எப்படிச் செத்தாருன்னு கண்டுபிடிச்சு அத எழுதுதேன்."

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். பின்மண்டையில் அடி. வயிற்றில் சாராயம் துளிகூட இல்லை. நுரையீரலில் ஓடைத் தண்ணீர். அடிபட்டு மயங்கியவன் தண்ணீரில்தான் செத்திருக்கிறான். உடம்பில் இருப்பது சமையல் எண்ணெயோ மூலிகை எண்ணெயோ இல்லை, ஏதோ மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய் மாதிரி இருக்கிறது.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க டாக்டர்" என்றாள் குழல்வாய்மொழி.

வெளியே வந்ததும் முத்துகுமரன் பின்னாலேயே வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

"மேடம், நான் சொன்னேன்னு வெளிய தெரியக்கூடாது. அந்தத் தகடு பொய்."

"பொய்னா?"

"மேல பேருக்கு எங்க பூச்சு. அடியில கடையில வாங்குன சாதாரண சோலார். அதுலதான் பல்பு எரியுது. எங்க பூச்சு சாரல்ல வச்ச வாரமே மஞ்சளாப் போச்சு. விஜயசங்கர் மனசு கேக்காம, கமிட்டி வரட்டும் சொல்லிருதேன்னு நின்னான். நேத்து சாயங்காலம் லேப்ல சாருக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. நான் வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சோ..."

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முத்துசெல்வி புருஷனின் சாமான்களை எடுக்கக் கல்லூரிக்கு வர வேண்டும் என்றாள். நானே பைக்கில் கூட்டி வருகிறேன் தங்கச்சி என்றான் அவன்.

மத்தியானம்.

கமிட்டி மாடியில் தகட்டைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குழல்வாய்மொழியும் செல்லப்பாவும் கீழே ஆய்வகத்தைத் துழாவினார்கள். அலமாரியில் ஒரு டின் அகப்பட்டது. வேக்குவம் பம்ப் எண்ணெய். சீல் புதிதாக உடைந்திருந்தது. பாதி காலி.

செல்லப்பா ஒரு சொட்டைத் தொட்டு மோந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

"மேடம்... வாசமே இல்ல."

"முதுகுக்குப் பின்னால வச்சுக்கிடுங்க. விலங்கு இருக்குல்லா?"

"இருக்கு. புரொபசருக்குத்தானே?"

அவள் தலையாட்டினாள்.

கமிட்டி கீழே இறங்கி வந்தது. முன்னால் அருமைநாயகம், முகமெல்லாம் சிரிப்பு. கடைசியாக முத்துகுமரன். முத்துசெல்வி வாசலோரம் ஒதுங்கி நின்றாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

குழல்வாய்மொழி வேடிக்கை பார்க்க வந்தவள் போலக் கேட்டாள்.

"சார், இந்தப் பூச்சு எப்படிப் பூசுவீங்க?"

"வேக்குவம்ல மேடம். உள்ள இருக்குற காத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு..."

"உறிஞ்சுத மிஷின் எது?"

பேராசிரியர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மூலையில் நின்ற வெள்ளைப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"இதோ. வேக்குவம் பம்ப். ஜெர்மனி இம்போர்ட்."

"இதுக்கு எண்ணெய் மாத்தணுமாமே?"

"எண்ணெயா? நோ நோ. இது தண்ணியிலயே ஓடும்."

கமிட்டித் தலைவர் லேசாக இருமினார்.

"புரொபசர், அது சில்லர். தண்ணியக் குளிர வைக்கிற மிஷின்."

அருமைநாயகத்தின் முகம் வெளிறியது.

குழல்வாய்மொழிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நடிப்போ என்று பார்த்தாள். இல்லை. நிதி தருகிறவர்கள் முன்னால் எந்தப் பேராசிரியனும் தன்னை முட்டாளாகக் காட்டி நடிக்க மாட்டான். இந்த ஆள் தன் ஆய்வகத்தில் கால் வைத்து வேலை பார்த்ததே கிடையாது. நேற்று வந்ததுகூடச் சண்டை போடத்தான். பம்ப் எது என்றே தெரியாதவருக்குப் பம்ப் எண்ணெய் எந்த அலமாரியில் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

கோடிகளை வாங்கிக்கொண்டு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறார். இப்போது அந்த ஒன்றும் தெரியாததுதான் அவரைக் கொலையிலிருந்து காப்பாற்றுகிறது! அவளுக்கு அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மெல்லத் திரும்பினாள்.

"முத்துகுமரன், நீங்க காட்டுங்க. பம்ப் எது?"

அவன் குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த சாம்பல் நிற இயந்திரத்தைத் தொட்டான். தேடவே இல்லை.

செல்லப்பாவிடமிருந்து டின்னை வாங்கி அவன் முன்னால் வைத்தாள்.

"புது டின்னு. இதுல பாதியக் காணோமே?"

"நேத்துதான் மேடம் பம்புக்கு எண்ணெய் மாத்துனேன்."

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே இருக்கும் எண்ணெயைப் பார்க்க, பம்பின் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி வட்டம் ஒன்று இருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். உள்ளே இருந்தது கன்னங்கரேலென்று ஆகிவிட்ட பழைய எண்ணெய்.

"நேத்து மாத்துன எண்ணெயா இது?"

அவன் பார்வை டின் பக்கம் போனது.

"டின்னுல இருந்து போன எண்ணெய் பம்புக்குள்ள போகல. பின்ன எங்கலே போச்சு?"

முத்துகுமரன் வாசலைப் பார்த்தான். செல்லப்பா ஏற்கெனவே நகர்ந்து குறுக்கே நின்றிருந்தார்.

பிறகு எல்லாம் அவன் வாயிலிருந்தே வந்தது.

பொய்த் தகடு செய்யச் சொன்னது பேராசிரியர். செய்தது இவன். அதை வைத்து வெளிவந்த கட்டுரையில் முதல் பெயர் இவனுடையது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் இதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு உத்தரவு வாங்கியிருந்தான். விஜயசங்கர் கமிட்டியிடம் வாய் திறந்தால் அத்தனையும் போய்விடும். பேராசிரியர் கத்திவிட்டுப் போன பிறகு இவன் கெஞ்சிப் பார்த்திருக்கிறான். விஜயசங்கர் மசியவில்லை. பிடித்துத் தள்ளியதில் மேஜையின் இரும்பு விளிம்பில் பின்மண்டை மோதி விழுந்தான்.

விடிவதற்கு முன்னால் கல்லூரி வேனில் ஏற்றி ஐந்தருவி ஓடைக்குக் கொண்டு போனான். சீசன் நேரத்தில் எண்ணெய் படாத தலையோடு ஓடையில் ஒருவன் கிடந்தால் சந்தேகம் வரும் என்று தெரியும். குற்றாலத்துப் பக்கத்து ஊர்க்காரன் அல்லவா! எண்ணெய் வேண்டும். அவசரத்தில், தினமும் கண்ணில் படுகிற டின்னைத்தான் கை எடுத்தது.

"மோந்து பாக்கலயா?"

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு மேடம். வருஷக்கணக்கா கரைப்பான் நெடியிலயே நிக்கோம். கருவாடும் தெரியாது, மல்லிப்பூவும் தெரியாது."

"அவன் செத்துட்டான்னு எப்படி முடிவு பண்ண?"

"மூச்சு இல்லாத மாதிரி இருந்துச்சு..."

"மூச்சு இருந்திருக்கு. தண்ணியிலதான் செத்திருக்கான். நீ ஓடைக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இந்நேரம் கட்டுப் போட்டு உக்காந்திருப்பான்."

வாசலிலிருந்து முத்துசெல்வி உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. முத்துகுமரன் எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை.

"அண்ணேன்னு கூப்பிட்டேனே. அவுகளத் தண்ணியில போட்ட கையாலயா எனக்கு டீ வாங்கித் தந்த? நானும் குடிச்சேனே..."

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் அவள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

குழல்வாய்மொழி போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். குடிகாரன் என்று எவனும் எழுத மாட்டான், உண்மையைச் சொல்லப் போனவனைக் கொன்றார்கள் என்றுதான் எழுதப் போகிறேன், பிள்ளை கேட்டால் அதைச் சொல் என்றாள். முத்துசெல்வி வெறுமனே தலையசைத்தாள்.

திரும்பி வந்தபோது கமிட்டிக்காரர்கள் மூலையில் கூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாப்பாடு ஆறிவிடும் என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. காறித் துப்பலாம் போல இருந்தது. போலீஸ் உடுப்பு தடுத்தது.

செல்லப்பா முத்துகுமரனுக்கு விலங்கு மாட்டினார்.

அருமைநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சிரிப்பு பாதி திரும்பியிருந்தது.

"மேடம், இப்பத் தெளிவாயிடுச்சுல்ல? கொலைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தத் தகடு விஷயமும் பசங்க பண்ணதுதான். நான் லேப்புக்கே வர்றதில்ல, நீங்களே பாத்தீங்க. பேப்பர் எழுதினதும் அவங்கதான். என் பேரையும் சேத்துப் போடுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

குழல்வாய்மொழி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எஃப்.ஐ.ஆருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் சார்... நீங்க சொல்லாமலே சேத்துப் போட்டுருதோம்!"