உள்ளே யாராவது இருக்கிறீர்களா?

ஆளில்லாத அறையிலிருந்து மூன்றாவது தடவையாகப் பதில் வந்தது. அறைக்கு வெளியே ஸ்டூலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டிருந்த நிரல்காரிக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

காத்திருப்பதென்றாலே அவளுக்கு ஆகாது. "சாப்பிட வரீங்களா?" என்று கேட்டால் அவள் புருஷன் "உம்" கொட்டவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். அதற்குள் அவள் தன்பாட்டுக்குச் சாப்பிட்டு, தட்டையும் கழுவிக் கவிழ்த்திருப்பாள். மாமியார் இதைச் சொல்லி மாய்ந்துபோவது பக்கத்து வீட்டுக்கே கேட்கும். அவள் எழுதும் நிரல் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

பழைய நிரல் பரம சாது. அந்த அடித்தள அறை முழுக்கப் பழைய பத்திரங்கள். தீப்பிடிக்காமலிருக்க, கதவுகள் பூட்டியதும் ஓர் இயந்திரம் உள்ளேயிருக்கும் பிராணவாயுவை இழுத்துவிடும். அதற்கு முன்னால் உள்ளே சுவரிலிருக்கும் திரை, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். கீழே இரண்டே பொத்தான்கள்: ஆம், இல்லை. பதில் வரும்வரை நிரல் அதே வரியில் நின்றுகொண்டிருக்கும். யாருமில்லை என்று சொல்வதற்கும் ஒருத்தர் உள்ளே போயாக வேண்டும்! மறந்துவிட்டால் இயந்திரம், விளக்கு, மற்ற கதவுகள் எல்லாம் சிலையாகிவிடும்.

இவள் அதைப் பைத்தான் மொழியில் மாற்றி எழுதிவிட்டாள். இனி நிரல் நிற்காது. விநாடிக்குப் பத்து முறை பொத்தான்களை எட்டிப் பார்க்கும். பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தன் வேலையைப் பார்க்கும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பதில்கள் கிடந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். ஐந்து நிமிஷம் சத்தமே இல்லையென்றால் 'இல்லை' என்று தானே எடுத்துக்கொண்டு பூட்டிவிடும். ஆனால் மூன்று சோதனையிலும் ஐந்து நிமிஷம் முடியும் நேரத்தில் 'ஆம்' வந்து கெடுத்தது.

"பொத்தான் ஒட்டிக்கிச்சு போல, அண்ணே."

"எலியா இருக்கும் மேடம்" என்றார் பக்கத்தில் நின்றிருந்த ஸ்டோர்காரர். "இல்லன்னா உங்க மாமியார். போன எடுக்கலன்னு நேராவே வந்துட்டாங்களோ என்னவோ."

"வாயக் கழுவுங்க. நான் போய்ப் பாத்துட்டு அப்படியே பின்கதவு வழியா கேன்டீனுக்குப் போயிடுறேன். இந்த லேப்டாப்புல 'இல்லை'ன்னு வந்தா நான் போயிட்டேன்னு அர்த்தம். நீங்களும் கெளம்புங்க."

"அப்பாடா, பசி உயிர் போவுது."

உள்ளே பழைய காகிதமும் காய்ந்த பசையும் கலந்த வாசனை, யாரோ வெகுநேரம் வாய் திறந்து மூச்சு விட்ட அறையைப் போல வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது. அலமாரிகள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் நிழலும் அடுத்ததன் மேல் சாய்ந்து கிடந்தது, அவள் நடந்தால் செருப்புச் சத்தம் அவளுக்கு ஓரடி பின்னால் வந்தது. முன்கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. போன் வெளியே, ஸ்டூலில், மடிக்கணினிக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்தது.

பொத்தான்களை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். தூசியில்லை, பிசுக்கில்லை. இரண்டும் விறைப்பாக எழுந்து நின்றன.

கையை எடுத்தாள்.

'ஆம்' மெதுவாக உள்ளே இறங்கியது. அழுந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழுந்தது.

"அண்ணே?" என்றாள். அத்தனை தடிமனான கதவுக்கு வெளியே எது கேட்கப்போகிறது?

இப்போது 'இல்லை' இறங்கியது.

இரண்டு கதவுகளிலும் பூட்டு விழுந்தது. கூரையில் இயந்திரம் உறுமத் தொடங்கியது. கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. எல்லாம் நிரலின் தயவு. வெளியே ஸ்டோர்காரர் திரையைப் பார்த்திருப்பார். சாப்பாட்டுப் பையைத் தூக்கியிருப்பார்.

நல்லவேளை, மூன்று நிமிஷத்துக்குள் 'ஆம்' வந்தால் கதவு திறக்கும்படி எழுதியிருந்தாள். ஓங்கி அமுக்கினாள். 'ஆம்' இறங்கிய கையோடு பக்கத்தில் 'இல்லை'யும் இறங்கியது. திரையில்: இல்லை. மறுபடி அமுக்கினாள். இல்லை. படபடவென்று குத்தினாள். அவள் விரலுக்குச் சளைக்காமல், ஒரு இம்மி பின்னால், அந்த இன்னொன்றும் குத்திக்கொண்டே வந்தது. கடைசிப் பதில்தான் செல்லும். அவளே எழுதியது.

இரண்டு நிமிஷம்.

காது அடைத்தது. கொட்டாவி வந்தது. பயத்தில் யாருக்காவது கொட்டாவி வருமா?

யோசி. அது இறங்காமல் பிடித்துக்கொண்டால் போதும். இடது கை நகத்தை 'இல்லை'யின் அடியில் சொருகினாள். முட்டுக் கொடுத்தாள். வலது கையால் 'ஆம்'.

திரை மாறியது. ஆம்.

பூட்டு நகரும் சத்தம். பாதி வரை.

இடது நகத்தின் மேல் பாரம் ஏறியது. ஜில்லென்று. ஒரு விரல். அமுக்கியது.

நகம் மடங்கியது. அவள் விடவில்லை.

அந்த விரலின் மேல் இன்னொரு விரல். அதன் மேல் இன்னொன்று. கனம் கூடிக்கொண்டே போனது. அவளுக்குப் பின்னால், அலமாரிகளுக்கு நடுவே, ஒவ்வொருவராக நெருங்கி வரும் சத்தம். யாருக்கும் அவசரமில்லை.

அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது.